எண்ணெய் கூடிப்போன கார்

காலை 6.40. வவுனியாவுக்கு வெளியே இருந்த மீன்குஞ்சுப் பண்ணையிலிருந்து புறப்பட்டோம். போக வேண்டிய இடம் துணுக்காய்க்கு அப்பால் ஒரு சிறு குளம். கண்டி வீதியில் வடக்கே மாங்குளம் வரை போய், அங்கே மேற்கே திரும்ப வேண்டும். எல்லாமாக அறுபத்தைந்து கிலோமீற்றர் வரும்.

காரை ஓட்டியவர் அந்தக் குளத்து ஊர்க்காரர் ரஞ்சன். அவருடைய சொந்தக் கார், பழைய சிறிய ஜப்பான் கார். பின் ஆசனத்தில் செல்வமலர், அந்தக் குளத்து மீனவர் சங்கத்தின் செயலாளர். அவருக்கு இரு புறமும் காலடியிலும் ஒட்சிசன் அடைத்துக் கட்டிய பொலித்தீன் பைகள். பைகளுக்குள் கெண்டைக் குஞ்சுகள். குளத்தில் மீன் விடுவதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, முன் ஆசனத்தில் எனக்கு இடம் வாங்கியிருந்தேன்.

பத்து மணிக்கு முன் தண்ணீரில் விட்டுவிடுங்கள், வெயில் ஏறினால் தாங்காது என்று பண்ணையில் சொல்லி அனுப்பினார்கள். போன வருடம் குளம் வற்றிப்போனதால் சங்கத்தில் யாரும் வலை போடவில்லை. இந்தக் குஞ்சுகள் பிழைத்தால்தான் அவர்களுக்கு இனித் தொழில்.

"தம்பி, பள்ளம் பார்த்து ஓட்டு. என்ரை இடுப்புப் போனாலும் பரவாயில்லை, குஞ்சு போகக்கூடாது" என்றார் செல்வமலர்.

7.15. புளியங்குளம். சந்தியில் கார் மெதுவானபோது எண்ணெய் கருகும் மணம் வந்தது. ரஞ்சனிடம் சொன்னேன்.

"அது வைக்கோல் அண்ணை. றோட்டிலை காயப்போட்டிருக்கினம் எல்லோ, கீழை சிக்கியிருக்கும்."

இறங்கிக் குனிந்து பார்த்தார். உண்மையிலேயே ஒரு பிடி வைக்கோல் இருந்தது. இழுத்தெறிந்துவிட்டு வெற்றியோடு ஏறினார். ஓடும்போது மணம் இல்லை. கனகராயன்குளத்தில் மாடுகளுக்காக நிறுத்தியபோது மறுபடியும் வந்தது, முன்னையிலும் கடுமையாக. நின்றால் வருகிறது, ஓடினால் காற்று கொண்டுபோய்விடுகிறது. அப்படியானால் எஞ்சின் பக்கத்தில் எங்கோ சூடான இடத்தில் எண்ணெய் விழுகிறது என்று ரஞ்சனே சொன்னார். அடுத்த மர நிழலில் நிறுத்தி காரின் முன்மூடியைத் திறந்தார். மெல்லிய நீலப் புகை எழுந்தது.

எஞ்சினின் மேல்மூடி பொருந்தும் விளிம்பில் எண்ணெய் கசிந்து, புகைக்குழாயில் சொட்டிக்கொண்டிருந்தது. கசிந்திருந்தால் உள்ளே குறைந்திருக்கும் என்று எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியை உருவினார். துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தார். அளவு காட்டும் மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரல் நீளத்துக்கு எண்ணெய் நின்றது.

"கூடியெல்லோ கிடக்கு! அதுதான் மேலாலை தள்ளுது. நான் ஒரு துளி விடேல்லை அண்ணை."

செல்வமலர் பின் ஆசனத்திலிருந்து தலையை நீட்டினார்.

"போன கிழமை அம்மாவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக என்ரை மகன் உன்ரை காரை வாங்கினவன் எல்லோ" என்றார் செல்வமலர். "அரைப் போத்தல் எண்ணெய் விட்டுத்தான் தந்தவன்."

"ஏனக்கா?"

"இரவல் வாங்கினதைச் சும்மா திருப்பித் தாறதோ?"

அவர்கள் பக்கத்து வழக்கம் அது. அவசரத்துக்கு ரஞ்சனின் காரை யாரும் கேட்கலாம்; அவர் வாடகை வாங்குவதில்லை. வாங்கியவர் முன்பெல்லாம் பெற்றோல் அடித்துத் திருப்பிக் கொடுப்பார். பெற்றோல் பங்கீட்டில் வந்த காலத்தில் அது முடியாமற் போக, எஞ்சின் எண்ணெய் வாங்கி விடத் தொடங்கினார்கள். பங்கீடு போன பிறகும் கை நிற்கவில்லை. செய்த உபகாரத்தைச் சொல்லிக் காட்டுவது அழகல்ல என்பதால், ஒருவர் விட்டது மற்றவருக்குத் தெரியாது.

ரஞ்சன் அயல் வீட்டுக் கந்தையாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, என்ரை காருக்கு எண்ணெய் விட்டனியளோ?"

"ஓம் ஓம், நல்ல எண்ணெய்தான், பயப்பிடாதை. வாத்தியாரும் விட்டவராம்."

"வாத்தியாருமோ? என்ரை கார் என்ன கோயில் விளக்கே!"

செல்வமலர் சிரிக்கவில்லை. பைகளை மெல்ல அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு பை மந்தமாய்க் கிடக்கடா. வாற பட்டா ஒண்டை மறிப்பமோ?"

பட்டா என்பது சிறிய லொறி. "பின்பக்கம் திறந்த வெயில் அக்கா. அவிஞ்சு போகும். பொறுங்கோ" என்றார் ரஞ்சன்.

எஞ்சின் ஆறும்வரை காத்திருப்பதுதான் முறை. அவர் காத்திருக்கவில்லை. கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு கீழே படுத்து, அடியில் உள்ள, எண்ணெய் வடிக்கும் திருகாணியை முழுதும் கழற்றாமல் இளக்கினார். கறுப்பு எண்ணெய் நூலாக வழிந்தது. என் தண்ணீர்ப் போத்தலைப் பாதியாக வெட்டி ஏந்தினேன். நிரம்பியதும் அவர் இறுக்குவார், நான் கம்பியைப் பார்த்துச் சொல்வேன், பிறகு காரில் கிடந்த வெறும் பிளாஸ்ரிக் கன்னில் ஊற்றிவிட்டு மறுபடி தொடங்குவோம். நடுவில் சூடான எண்ணெய் அவர் மணிக்கட்டில் பட்டது. கெட்ட வார்த்தை ஒன்று காருக்கடியிலிருந்து வந்தது. "அக்கா இஞ்சை இருக்கிறன், வாயை அடக்கு" என்றார் செல்வமலர், ஈரச் சாக்கைப் பைகளின்மேல் விரித்தபடி.

எண்ணெய் கோட்டுக்கு இறங்கியது. மேல்மூடியின் ஆணிகளை இறுக்கி, குழாயை என் பத்திரிகையால் துடைத்தோம். பழைய கறை எரிந்து முடிய மாங்குளம் வரை கொஞ்சம் மணம் வந்தது; மேற்கே திரும்பிய பின் இல்லை.

9.35. குளக்கரை. பையைப் பிரித்து உடனே கொட்டுவதில்லை. குளத்துத் தண்ணீரின் சூடு உள்ளே பரவும்வரை அப்படியே மிதக்க விடுகிறார்கள். மந்தமாயிருந்த பையில் பெரும்பாலானவை வெள்ளை வயிறு காட்டிக் கிடந்தன. அதைச் செல்வமலர் தனியே கரையில் வைத்தார். மற்றப் பைகளின் வாயைத் திறந்து சரித்தபோது குஞ்சுகள் கொஞ்சம் தயங்கி, பிறகு ஒரே திசையில் கலங்கலுக்குள் மறைந்தன.

"போங்கோ, போங்கோ" என்றார். "வலைக்குள்ளை சந்திப்பம்."

மாலையில் என்னை மாங்குளத்தில் பஸ் ஏற்றிவிட ரஞ்சன் புறப்பட்டபோது, கந்தையா வந்து மறுநாளுக்குக் கார் கேட்டார். தருவதாகவும், எண்ணெய் மட்டும் விடக்கூடாது என்றும் ரஞ்சன் சொன்னார்.

"அப்ப என்னத்தை விட?"

"ஒண்டும் விடாதேங்கோ."

"அது எப்பிடியடா சும்மா தாறது?" கந்தையாவின் முகம் உண்மையாகவே வாடிப்போனது.

நான் இருக்கும் ஊரில், எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒரு கார் நிற்கிறது. யாரும் யாரிடமும் இரவல் கேட்பதில்லை. என்னுடைய காரில் எண்ணெய் எப்போதும் சரியாகக் கோட்டில் நிற்கிறது.