பட்டியலில் இல்லாத வேன்

பெட்ரோல் போட்டு முடித்ததும் வெர்னா உடனே வண்டியை எடுப்பதில்லை. வலது முழங்காலை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி நாலடி பின்னால் நகர்ந்து, விலைப்பலகை முழுசாகத் தெரியும்படி ஒரு படம் எடுப்பாள். ஒரு கேலன் இரண்டு டாலர் அறுபத்தொன்பது சென்ட். டெக்சாஸ் மாநிலத்து அபிலீனில் எடுத்த அந்தப் படம், கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்பீல்டில் அவளோடு தேவாலயத்தில் பாடிய ஆறு பெண்களுக்குப் போகும். கூடவே ஒரு வரி: "அங்க எவ்வளவுடி?"

அங்கே ஏறக்குறைய ஐந்து டாலர். அது அவளுக்கே தெரியும்.

கணவன் ரே இறந்த பிறகு, வீட்டை விற்றுவிட்டு மகன் கெல்வினோடு இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த ஊரைவிட்டுக் கிளம்பும் நினைப்பு யாருக்கு வந்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். அவளும் சளைக்காமல் சொல்வாள். "அங்க ரெண்டு ரூம் வாங்குற காசுக்கு இங்க நாலு ரூம், அதுவும் செங்கல் வீடு. சம்பளத்துல மாநில வரின்னு ஒண்ணு கிடையவே கிடையாது. முட்டை விலையைச் சொன்னா நீ அழுதுடுவே."

வீட்டு வரியைப் பற்றிச் சொல்ல மாட்டாள். ஆலங்கட்டி மழை கூரையைப் பொத்தலாக்கியதையும், அதற்குப் பிறகு காப்பீட்டுக் கட்டணம் ஏறியதையும் சொல்ல மாட்டாள். ஆலங்கட்டி விழும்போதெல்லாம் பக்கத்து வீட்டு ஹாய்ட் வேலிக்கு மேல் தலையை நீட்டிக் கேட்பார்: "ஏம்மா கலிபோர்னியா, இன்னும் பெட்டி கட்டலையா?"

"கட்டும்போது உங்க நாக்கையும் சேத்துக் கட்டிக் கொண்டுபோறேன், போங்க."

கெல்வினைப் பற்றியும் சொல்வதில்லை. அவனுக்கு முப்பத்து நான்கு வயது. புத்தி ஐந்து வயதில் நின்றுவிட்டது. பேக்கர்ஸ்பீல்டில் தினமும் காலை எட்டேகாலுக்கு ஒரு வெள்ளை வேன் வாசலில் வந்து இரண்டு முறை ஒலி எழுப்பும். அவனைப் பகல் காப்பகத்துக்குக் கூட்டிப்போய் மூன்று மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும். பன்னிரண்டு வருடம். அந்த நேரத்தில்தான் வெர்னா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள், பாடப் போனாள், ரேயோடு ஓய்வாகச் சண்டை போட்டாள். வேனும் காப்பகமும் மாநில அரசின் செலவு, அவள் ஒரு சென்ட் கொடுத்ததில்லை. இடம் மாறுவதற்கு முன் தாளின் நடுவே கோடு கிழித்து இரண்டு மாநிலத்தையும் ஒப்பிட்டாள்: வீடு, வரி, பெட்ரோல், மின்சாரம், நாய்க்கு வாங்கும் தீனிகூட. வேனை எழுதவில்லை. விலையில்லாத ஒன்றை விலைப்பட்டியலில் யார் எழுதுவார்கள்?

இங்கே அரசு அலுவலகத்துப் பெண் கெல்வின் பெயரைப் பகல் காப்பகத்துக்கான காத்திருப்போர் வரிசையில் சேர்த்துக்கொண்டாள்.

"எத்தனை நாளாகும்மா?"

"நாளில்லைங்க, வருஷம். பன்னெண்டோ பதினஞ்சோ."

"அங்க அவனுக்கு இடம் இருந்துதே. அதை இங்க மாத்திக் குடுத்துடுங்களேன்."

"அது அந்த மாநிலத்தோடதும்மா."

வெர்னாவுக்கு வயது அறுபத்தாறு. வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு தரம் கூட்டிப் பார்த்தாள். பிறகு கூட்டவில்லை.

கெல்வினுக்குக் கூட்டத் தெரியாது. காலையில் குளித்து, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன் ஜன்னலில் போய் நின்றுவிடுவான். "இன்னைக்கு லீவுடா" என்று முதல் வருடம் சொன்னாள். இப்போது எதுவும் சொல்வதில்லை. பத்து மணிவாக்கில் அவனே உட்கார்ந்து பையிலிருந்து ரொட்டியை எடுத்துத் தின்பான்.

முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்தால் ஆறு வாரம் படுக்கை. அவனை யார் குளிப்பாட்டுவது? இரண்டு முறை தேதி வாங்கி இரண்டு முறையும் தள்ளிப்போட்டாள்.

அந்த நேரத்தில்தான் ஜானெல் கூப்பிட்டாள். கூடப் பாடியவள், அவள் மகள் மிஸ்ஸி அதே வேனில் கெல்வினுக்குப் பக்கத்து இருக்கை. இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பிடித்திருக்கிறதாம், நேரில் பார்க்க வருகிறார்களாம். "நான் வந்துட்டா உன் காலை ஒரு வழி பண்ணிடலாம்க்கா. சாயங்காலத்துல ரெண்டு பேரையும் டி.வி. முன்னாடி உக்கார வெச்சுட்டு நான் பாத்துக்கறேன்." வெர்னா மறுநாளே மூன்றாவது தேதி வாங்கினாள். நான்காவது அறைக் கட்டிலில் மஞ்சள் பூப்போட்ட புது விரிப்பை விரித்தாள்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஜானெல் மறுபடி கூப்பிட்டாள். "சனிக்கிழமை கெளம்பறோம்க்கா. ஒண்ணு கேக்க மறந்துட்டேன். அங்க வேன் எத்தனை மணிக்கு வரும்?"

எட்டேகால் என்று சொல்லிவிடலாம். ஜானெலுக்கு விஷயம் தெரிவதற்குள் வீடு பதிவாகிவிடும், முழங்காலும் ஆறிவிடும்.

"இங்க முட்டை..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"என்னக்கா?"

"வேன் வராது, ஜானெல்."

"லேட்டா வருமா?"

"வரவே வராது. மூணு வருஷமா வரல. நீ அங்கயே இரு. மிஸ்ஸியை அந்த வேன்லேர்ந்து எறக்கிடாத."

"இத்தனை நாள் ஏன்க்கா சொல்லல?"

வெர்னா கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

நான்காவது அறைக்குப் போய்ப் புது விரிப்பை உருவினாள். பெரிய விரிப்பு, குனிந்து மடிக்க முழங்கால் விடவில்லை. கெல்வின் ஜன்னலைவிட்டு, தோளில் பையோடே வந்தான். காப்பகத்தில் அவனுக்குப் பழக்கியிருந்த வேலை அது. யாரும் சொல்லாமலே எதிர்ப்பக்கத்து இரண்டு முனைகளையும் எடுத்து, ஓரத்தோடு ஓரம் பொருந்தும்படி பிடித்துக்கொண்டு, நாலு எட்டு நடந்து வந்து அவள் கையில் கொடுத்தான்.