முழங்காலுக்கு அடியில் ஒரு புடவை

பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலைக்கு வருபவனுக்கு முதல் வருடம் கால் மரத்துப்போகும். அதன் பிறகு முகமும் மரத்துப்போனால்தான் பிழைக்க முடியும். ஆரணியில் இருபத்திரண்டு வருடமாக வெள்ளை மெத்தையில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கால் மரத்துவிட்டது. முகம் பாதிதான். பக்கத்து இருக்கைக்காரரை யாராவது பாராட்டும்போது சிரித்துக்கொண்டே வயிறெரிந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அதே பச்சைப் புடவை

பெரணமல்லூரிலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். நாற்பது புடவை விரித்தேன். அந்த அம்மாவின் கண் அடுத்த மெத்தையிலேயே இருந்தது. அங்கே குமரேசன். எனக்கு ஏழு வருடம் பின்னால் சேர்ந்தவன். என்னை 'அண்ணே' என்பான். அவன் கை ஓய்ந்ததும் இருவரும் அங்கே நகர்ந்தார்கள். அவன் என் குவியலிலிருந்து ஒரு பச்சைப் புடவையை உருவி, மகளின் தோளில் முந்தானையை மட்டும் போட்டுக் காட்டினான். நான் முதன்முதலாக விரித்த அதே புடவை. உடனே எடுத்துக்கொண்டார்கள்.

வாய்வரை வந்ததை விழுங்கினேன். அந்த ஞாயிறு எங்கள் சர்ச் சபையில், தன்னைத்தானே அடக்கி ஆளும் இச்சையடக்கம் பற்றிப் பிரசங்கம். அது எனக்கு ஏற்கெனவே வாய்த்திருக்கிறது என்று தலையாட்டிக் கேட்டேன். ஆனால் காதில் நின்றது பிரசங்கம் இல்லை. பையை வாங்கிக்கொண்டு போகும்போது அந்த அம்மா என்னிடம் சொன்னதுதான்.

"இத்த நீங்க மொதல்லயே காட்டியிருந்தா இம்மா நேரம் ஆயிருக்காதே!"

ஒரு டம்ளர் தண்ணீர்

பொறாமை வரும்போதெல்லாம் பேசாமல் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, மனதுக்குள் சின்னதாக ஒரு ஜெபம் செய்வது என்று தீர்மானித்தேன். ஆவணி முகூர்த்தக் கூட்டம் தொடங்கிய நேரம். குமரேசன் எதிரில் உட்கார இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள். பில் போடும் சரளா என் நடையைக் கவனித்திருக்கிறாள்.

"சுகர் டெஸ்ட் எடுத்துடுங்கண்ணா. காலையிலர்ந்து தண்ணி கேனாண்ட போய்கினே கீறீங்க."

மாடி நாற்காலி

மாடியில் முகூர்த்தப் பட்டுக்குத் தனிப் பிரிவு திறந்தார்கள். அங்கே பொறுப்பாளருக்கு மண்டியிடும் வேலை இல்லை, நாற்காலி உண்டு. அந்த நாற்காலிக்காக நான் ஜெபித்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முதலாளி குமரேசனை மேலே அனுப்பிவிட்டு என் தோளில் கை வைத்தார். சிரித்தேன். தாடை வலித்தது.

"ஒன்னப் பத்தி எனக்குத் தெரியும் தேவா. இன்னா செஞ்சாலும் தாங்கிக்குவ. அவன்னா பேஜார் பண்ணியிருப்பான்."

மாம்பழ நிறம்

தேசூரிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணும் வீட்டாரும், முந்தின வாரம் பார்த்துவைத்த புடவைக்காகத் திரும்ப வந்தார்கள். மாம்பழ நிறம், அரக்குக் கரை. கடையில் ஒன்றே ஒன்று. "இருக்கு, வாங்க" என்று குமரேசன் போனில் சொல்லியிருந்தான். காலையில் யாருக்கோ காட்ட நான்தான் அதைக் கீழே கொண்டுவந்திருந்தேன். அவன் மாடிப்படியிலிருந்து குனிந்து கேட்டான்: "அண்ணே, அந்த மாம்பழ கலரு உங்காண்ட கீதா?"

"இல்லப்பா" என்றேன். சொல்லும்போதே என் கை அதை முழங்காலுக்கு அடியில் தள்ளிவிட்டது.

அலமாரி அலமாரியாகத் தேடினார்கள். அந்தப் பெண் வேறு எதையும் தொடவில்லை; அழுதுவிடுவாள் போலிருந்தது. அவள் அப்பா எழுந்து செருப்பை மாட்டினார். முதலாளி எல்லோர் முன்னாலும் குமரேசனைப் பார்த்துக் கத்தினார்: "ஒரு பொடவையப் பாத்துக்கத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா மாடி?" இதைக் கேட்கத்தானே காத்திருந்தேன்? முழங்காலுக்கு அடியில் பட்டு சூடேறிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் பொறாமையை அடக்கியதாக நினைத்தேனே, அதன் மேலும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேனோ?

முழங்காலைத் தூக்கினேன். "நான்தான் மறைச்சேன்" என்று சொல்ல வாய் திறந்து, "என்கிட்டதான் இருந்திச்சு" என்பதுவரைதான் வந்தது. குமரேசன் புடவையை வாங்கி, கசங்கிய மடிப்பை உள்ளங்கையால் தடவினான். சூடு தெரிந்திருக்கும். என் முழங்காலை ஒருமுறை பார்த்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை அன்றோடு முடிந்தது. அவன் கழுத்து நரம்பு புடைத்து, மெல்ல அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பெண்ணின் அப்பாவிடம் திரும்பினான்.

"வேற யாரும் தூக்கினு பூடக்கூடாதுன்னு எங்க அண்ணன் உங்களுக்காகப் பத்திரமா வெச்சினு இருந்தாருங்க."

மாடி நாற்காலியின் மேல் இருந்த பொறாமை அன்றோடு போயிற்று. இப்போது என் பொறாமையெல்லாம், சபை வாசலை ஒருநாளும் மிதிக்காத குமரேசனுக்கு வாய்த்த அந்த அடக்கத்தின் மேல்தான்.