ராகலையில் ஒரு கிழங்குப் பாத்தியும் மானாப்புல் எண்ணெயும்

"செடிக்கு வரும் வைரஸுக்கு வாசனை எண்ணெயா? உங்களுக்கு வேறு வேலை இல்லையா?" போன பதிவின் கீழே இப்படிக் கேட்டவர்களுக்காகவே, மாசிப் பனியையும் பார்க்காமல் ஒரு சனிக்கிழமை ராகலைக்குக் கிளம்பினேன். எனக்குக் கோபம் வந்தால் பஸ் ஏறிவிடுவேன்.

நுவரெலியாவில் காலை ஏழரைக்கு பஸ். கந்தப்பளை வழியாகச் சுமார் இருபத்துநான்கு கிலோமீட்டர். வளைவுகளின் புண்ணியத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ராகலையிலிருந்து என் தோழி இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு ஆட்டோ நானூறு ரூபாய். "கெழங்கு பாக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று ஓட்டுநர் சிரித்தார். ஆமாம், கிழங்கு பார்க்கத்தான்!

என் தோழி மரியா தோட்டப் பாடசாலை ஆசிரியை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறாள். இலை சுருட்டும் வைரஸ் இரண்டு செடிகளில் தெரிந்ததும், பக்கத்துப் பாத்திக்காரர் தங்கராஜ் முழுவதையும் பிடுங்கச் சொல்லிவிட்டார். அவர் பயமும் நியாயம்தான். அசுவினிப் பூச்சி நோயை அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகும். ஆனால் எல்லாவற்றையும் பிடுங்கினால், அடுத்த போகத்துக்கு மரியாவிடம் விதைக்கிழங்கே இருக்காது.

அந்த இரண்டையும் பிடுங்கி எரித்துவிட்டு, மற்றவற்றுக்குச் சவர்க்காரத் தண்ணீரில் மானாப்புல் எண்ணெய் கலந்து மாலையில் தெளித்துவருகிறாள். கொசுவுக்குப் பூசுவோமே, அதே எண்ணெய். வந்த நோயை அது ஆற்றாது. அந்த வாசத்துக்குப் பூச்சி அண்டாது என்பதுதான் நம்பிக்கை.

நான் நிற்கும்போதே தங்கராஜ் பார்வையிட வந்தார். வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்தவர், ஓரத்தில் சுருண்ட இலையோடு ஒரு செடியைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பாத்தீங்களா டீச்சர்? எண்ணெயாம் எண்ணெய்! எல்லாத்தையும் புடுங்குங்க."

மரியா அந்தச் செடியை வேரோடு பிடுங்கிப் பையில் போட்டாள். "நோய் வந்தத நானே புடுங்குறேன் அண்ணே, நீங்க கேக்கவே வேணாம். நல்லா நிக்கிறத மட்டும் புடுங்கச் சொல்லாதீங்க. முடியாது."

அவர் முணுமுணுத்தபடி போனார். அடுத்த வாரமும் வருவாராம். வரட்டும்.

போகிறவர்கள் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கடைசி பஸ்ஸை முன்னமே விசாரித்துவிடுங்கள். பாத்தியில் இறங்குமுன் கை கழுவுங்கள், இலையைத் தொடாதீர்கள். எண்ணெய் தோற்றுவிட்டதா என்று கேட்பீர்கள். ஒரு செடியில் தோற்றது, ஆமாம். அன்று மாலை மீதி வரிசைகளுக்கெல்லாம் மரியாவோடு நானும் எண்ணெய் தெளித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.