லூயிஸுக்கு மேலே கிளார்க்

நீடாமங்கலத்தில் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்தவர், பாலம் வரும்போதெல்லாம் எழுந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். காலில் புது ஷூ. அமெரிக்காவில் இருக்கிறாராம்.

"எங்க மாவட்டம் லூயிஸ், பக்கத்து மாவட்டம் கிளார்க். அந்தக் காலத்துல சேர்ந்தே நாடு சுத்துன ரெண்டு பேரோட பேருங்க."

கதை விடுகிறார் என்று பட்டது. "ஆத்துத் தண்ணி முதல்ல யாருக்கு வருது?"

"கிளார்க்குக்குங்க. நாங்க கீழே."

அத்தோடு நிறுத்திக்கொண்டார். மேலே இருப்பவனைத் திட்டாத கடைமடைக்காரனை நான் பார்த்ததே இல்லை. சுத்தப் பொய் என்று முடிவுகட்டினேன்.

கீழ்வேளூருக்கு முந்தைய பாலத்தில் ஆறு காய்ந்து கிடந்தது.

"மேலயே அடைச்சுட்டானுவ, பாவிப் பயலுவ!" என்று கத்தினார்.

நம்ம ஊர்க்காரர்தான், சந்தேகமில்லை. அந்த அமெரிக்காவைத்தான் இன்னும் நம்ப முடியவில்லை.