அப்பா இரண்டாம் தடவை பட்டாளத்துக்குப் போனது

சீனாக்காரனோடு சண்டை மூண்ட வருடம், மறுபடியும் பட்டாளத்தில் சேரப்போவதாக அப்பா சொன்னார். அம்மா தம்பிக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே, "எப்ப?" என்று மட்டும் கேட்டாள்.

அப்பா பர்மா சண்டையில் இருந்தவர். அது முடிந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். அம்மா சிவகாசியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளுக்குக் கொடுத்த வீட்டில்தான் நாங்கள் இருந்தோம். அப்பாவுக்குத் திருத்தங்கல் பக்கம் ஒரு வெடி கம்பெனியில் வாசல் காவல். உள்ளே போகிறவர்களின் மடியைத் தடவி, பீடி தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. 'நர்ஸம்மா வீட்டுக்காரர்' என்பார்கள்.

பழைய பட்டாளத்தாரையும் மதுரையில் திரும்ப எடுக்கிறார்கள், அப்பாவும் போகிறார் என்ற பேச்சு பரவியதும் நிலைமை மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் குருவானவர் அப்பாவின் பெயரைச் சொல்லி ஜெபம் செய்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி எல்லாரையும் கைதட்ட வைத்தார். கம்பெனி ஆட்கள் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து மாலை போட்டார்கள். பழைய டிரங்குப் பெட்டியோடு அப்பா விறைப்பாக நின்றார். அவரை அவ்வளவு உயரமாக நான் பார்த்ததே இல்லை.

அம்மா வழியனுப்ப வரவில்லை. டூட்டிக்குப் போய்விட்டாள்.

"புருசன் சண்டைக்குப் போறாரு, இவ கல்லு மாதிரில்ல இருக்கா" என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். எனக்கு முகம் சுட்டது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அப்பா திரும்பி வந்தார். தெரு வழியாக வராமல், ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த பருத்திக் காட்டுக்குள் புகுந்து, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"சண்டை முடிஞ்சிருச்சாப்பா?" என்று தம்பி கேட்டான்.

"இல்லய்யா. எடது காது மந்தமாம். வேணாம்னுட்டாக."

பர்மாவில் பக்கத்தில் விழுந்த குண்டால் மந்தமான காது அது. அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதே என்று நான் கதவைத் தாழிட்டேன்.

டூட்டி முடிந்து வந்த அம்மா எதையும் விசாரிக்கவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"நாளைக்கு எல்லாருமாக் கோயிலுக்குப் போறோம்" என்றாள்.

"நான் வரல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர?"

"இருக்கிற மூஞ்சிய வச்சுக்கிட்டு வாங்க."

போனோம். ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தபோது கூட்டம் எங்களைச் சூழ்ந்துகொண்டது. குருவானவர் அப்பாவின் கையைப் பிடித்து, "என்ன, அதுக்குள்ள வந்துட்டீக?" என்றார். அப்பா வாயைத் திறந்தார்.

அம்மா முன்னால் வந்தாள். "நாந்தான்யா, சேர வேணாம்னு ஆளனுப்பிக் கூட்டியாந்துட்டேன். ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு தனியா இருக்க எனக்குப் பயமா இருக்கு."

குருவானவர் பிடித்திருந்த கையை மெல்ல விட்டார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாட்டுக்குப் போற மனுசன முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டாளே" என்று ஒருத்தி எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். அப்பா தரையைப் பார்த்தபடி நின்றார். இல்லை என்று சொல்லவில்லை. அம்மாவோடு சேர்ந்து நடக்கப் பிடிக்காமல் நான் வீடு வரைக்கும் முன்னாலேயே ஓடினேன்.

அதற்குப் பிறகு கம்பெனி வாசலில் அப்பாவுக்கு மரியாதை கூடியது. "பாவம், பட்டாளத்துல இருக்க வேண்டிய மனுசன்" என்றார்கள். ஏச்செல்லாம் அம்மாவுக்கு. ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள்கூட அவள் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் என்னைப் 'பயந்தாங்கொள்ளி மக' என்றார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அது இதைவிடக் கேவலமாக எனக்குப் பட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அம்மாவிடமே கேட்டேன். "ஏம்மா அப்படிப் பொய் சொன்ன?"

"உங்கப்பா இந்த வீட்டுல இருக்கணும்ல, அதான்" என்றாள்.

காது மந்தமென்று ஊர் கேலி பேசினால் அப்பா தாங்கமாட்டார், அதைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சீனாக்காரனை விரட்டத்தான் அவர் கிளம்பினார் என்று ஊரைப் போல நானும் நம்பியிருந்த வயது. அவர் எங்களை ஒரேயடியாக விட்டுப் போகத்தான் கிளம்பினார் என்பது, கோயில் வாசலில் நின்ற அத்தனை பேரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவர்களில் ஒருவர்தான் அன்றைக்குப் பேசியது.