உலகம்மாள் என்ற பேர்

தென்காசிக் கோயிலில் இருக்கும் அம்மன் உலகம்மன். அதனால் எங்கள் ஊரில் உலகம்மாள் இல்லாத தெருவே கிடையாது. எங்கள் தெருவில் பிரசவம் பார்த்த அம்மா ஓர் உலகம்மாள். கைராசிக்காரி என்று வெளியூரிலிருந்துகூட வண்டி கட்டி வந்து கூட்டிப்போவார்கள். பஸ் ஸ்டாண்டில் பனங்கிழங்கு விற்றவள் இன்னொருத்தி. கூடையை நகர்த்தச் சொல்லி வரும் போலீஸ்காரரிடமே ஒரு கட்டு விற்றுவிடுவாள். என் வகுப்பில் மட்டும் நான்கு பேர். டீச்சர் பேர் வாசிக்கும்போது நான் மூன்றாவது. எழுந்து நிற்கவே கூச்சப்படுகிற எனக்கு அந்த நம்பர் வேறு. சரோஜா என்று வைத்திருக்கக் கூடாதா என்று அம்மையிடம் அழுதிருக்கிறேன்.

"உனக்கு முன்னால ரெண்டு தங்காமப் போச்சுட்டி. அவ சந்நிதியில உன்னக் கிடத்தி வாங்குன பேரு" என்பாள்.

பதினெட்டு வயதில் வடகரையிலிருந்து சம்பந்தம் வந்தது. வயல், தென்னந்தோப்பு, ஒரே பையன். எல்லாம் ஒத்துவந்தது, ஒன்றைத் தவிர. மாப்பிள்ளையின் அம்மா பேரும் உலகம்மாள். பெற்ற தாயின் பேரைச் சொல்லிப் பெண்டாட்டியைக் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"அதுக்கென்ன, பொண்ணு பேர மாத்திருவோம். சரோஜான்னு வைப்போம்" என்றார் தரகர் அண்ணாச்சி. அப்பா தலையாட்டிவிட்டார்.

அழுது கேட்ட அதே பேர். ஆனால் அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தண்ணீருக்குப் போனால் குடத்தைக் குழாயடியிலேயே வைத்துவிட்டு வருவேன். யாரும் இல்லாதபோது 'சரோஜா' என்று சொல்லிப் பார்ப்பேன். பக்கத்து வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்த மாதிரி இருக்கும். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போக நான்கு நாள்தான் இருந்தது. சொல்லிவிடலாம் என்று அப்பா முன்னால் போய் நிற்பேன். "என்னம்மா?" என்பார். "காப்பி வேணுமாப்பா?" என்று கேட்டுவிடுவேன். ஒரே சாயங்காலத்தில் மூன்று காப்பி குடித்தார்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் குற்றாலத்துக்குக் குளிக்க வருவதாகவும், பொண்ணையும் கூட்டி வரும்படியும் சொல்லி ஆள் வந்தது. அம்மையும் நானும் போனோம். நல்ல சாரல் காலம், அருவியில் கூட்டம். பெண்கள் பக்கம் நிற்க இடமில்லை. மாற்றுத்துணியோடு வெளியே நின்ற அம்மை, அருவிச் சத்தத்துக்கு மேலே, "ஏட்டி உலகம்மா! போதும், வெளிய வா!" என்று கத்தினாள். தண்ணீருக்குள் ஐந்து தலைகள் திரும்பின. அதில் ஒன்று என் மாமியாராக வரப்போகிறவள்.

அத்தை தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "என்ன மைனி, என்னையவா ஏட்டிங்கிய?"

"ஐயோ, பிள்ளையக் கூப்பிட்டேன் மைனி!" அம்மைக்கு முகம் சுண்டிவிட்டது. சுற்றி நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் என் வாய் எப்படித் திறந்ததோ.

"அத்தை, எனக்கு இந்தப் பேரே இருக்கட்டும்."

"என்னட்டி? கேக்கலை."

மறுபடியும் சொன்னேன், இந்தத் தடவை கத்தி. அம்மை என் கையைப் பிடித்துக் கிள்ளினாள்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எம் மவன் உன்னப் பேரு சொல்லியா கூப்பிடப் போறான்? அவன் அப்பா இருபத்தஞ்சு வருசமா என்னைய 'இந்தா'ன்னுதான் கூப்பிடுதாக. வச்சுக்கோ."

பத்திரிகையில் உலகம்மாள் என்றே அச்சானது. அத்தை சொன்னது போலவே கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கு நான் 'இந்தா', அத்தைக்கு 'சின்னவ'. கேட்டு வாங்கிய பேரைக் கூப்பிட ஆளில்லையே என்று வாசலுக்கும் அடுக்களைக்குமாக எத்தனையோ நாள் நடந்திருக்கிறேன்.

ஒருநாள் ரேஷன் கார்டுக்குப் பேர் எழுத ஒருவர் வந்தார். அத்தை வாசலில் நின்று பதில் சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"பொம்பளையாளுக பேரு?"

"உலகம்மாள்."

"இன்னொருத்தங்க?"

"உலகம்மாள்."

"ஒரே பேரத்தானே ரெண்டு தடவ சொல்லுதிய?"

"ரெண்டு ஆளு இருக்கோம்லா! ரெண்டையும் எழுதும். சின்னவ அருவியில நின்னு கத்தி வாங்குன பேரு அது."