வடைக்கடை முத்துலட்சுமி கேட்ட கேள்விகள்

கருப்பையா ஓ.பி. வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்தார். கறம்பக்குடி பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். பி.பி., சுகர், இதய நோயாளிகளைப் பார்க்கும் பிரிவில் அப்போது நான் நர்ஸ். மூன்று மாதத்துக்கு முன்தான் அவருக்கு ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மறுபடியும் அட்டாக்கோ என்று பதறி ஈ.சி.ஜி. எடுத்தோம். புதிதாக எதுவும் இல்லை. ஆனால் பி.பி. ரொம்ப இறங்கியிருந்தது. ஆளும் பாதியாக இளைத்திருந்தார்.

"என்ன சாப்பிடுறாரு?" என்று அவர் மனைவி முத்துலட்சுமியிடம் கேட்டேன். கடைவீதியில் வடைக்கடை வைத்திருப்பவர்.

"கஞ்சி, ரசஞ்சோறு, அவ்வளவுதாங்க. எண்ணெய் பட்ட எதையும் தொடமாட்டேங்குறாரு. கொழுப்பே ஆகாதுன்னு நீங்கதான சிஸ்டர் சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். கூட்டம் அதிகமாக இருந்த ஒரு நாளில் ஒரே வரியில் சொல்லி அனுப்பியிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

இளைத்த உடம்புக்கு ஏற்ப டாக்டர் பி.பி. மாத்திரை அளவைக் குறைத்து எழுதினார். நான் இருவரையும் உட்காரவைத்து முதலிலிருந்து சொன்னேன். "நல்ல கொழுப்பு இதயத்துக்கு வேணும். நெய், வனஸ்பதி, கறிக்கொழுப்பைக் குறைங்க. அதுக்குப் பதிலா கடலையெண்ணெய், நல்லெண்ணெய் அளவாச் சேத்துக்குங்க. தெனம் ஒரு கைப்பிடி நெலக்கடலை. வாரம் ரெண்டு நாள் மத்தி மீனு, பொரிக்காம கொழம்பா வைங்க."

"அளவான்னா எத்தனை கரண்டிங்க?" என்று கேட்டார் முத்துலட்சுமி.

டீஸ்பூனை எடுத்துக் காட்டினேன். "எல்லாச் சமையலுக்கும் சேத்து, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு, நாலு."

"ஒருக்கா வடை சுட்ட எண்ணெயை மறுபடி காயவச்சா?"

"திரும்பத் திரும்பக் காயவச்சா நல்ல எண்ணெயும் கெட்டுரும். இதயத்துக்கு ஆகாது."

"அப்ப ஊருக்கே அதைத்தான் குடுத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

மறு வாரம் அவர் கடைக்குப் போனேன். காலையில் மட்டும், சின்னச் சட்டியில், புது எண்ணெயில் வடை. மிஞ்சும் எண்ணெயை மறுநாளுக்கு வைப்பதில்லை. காலை எண்ணெயிலேயே போட்டுவந்த சாயங்கால பஜ்ஜியை நிறுத்தி அவித்த கடலை வைத்திருந்தார்.

"என்னக்கா, பஜ்ஜி இல்லையா?" என்றார் வழக்கமாக வரும் ஒருவர்.

"இல்லண்ணே. கடலை இருக்கு, சூடா."

அவர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

"யாவாரம் போயிருமேன்னு பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்குங்க. தெரிஞ்ச பொறவு எப்புடிங்க போடுறது?"

வியாபாரம் நிமிரச் சில மாதங்கள் ஆயின. அதுவரை அவர் பஜ்ஜிச் சட்டியை எடுக்கவே இல்லை. அடுத்த ரத்தப் பரிசோதனையில் கருப்பையாவுக்குக் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். நன்றாகக் குறைந்திருந்தது. மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்து செய்த வேலை. உடம்பு தேறி, கடைக்கு நடந்தே வர ஆரம்பித்தார்.

என் பணிக்காலத்தில் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். முத்துலட்சுமியைப் போல விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டவரை எங்கேயும் பார்க்கவில்லை. அதன்பிறகு ரிட்டயர் ஆகும்வரை, சொல்லி முடித்ததும் எந்த நோயாளியையும் எழுந்து போகவிட்டதில்லை. "நாளைக்கு என்ன சமைக்கப் போறீங்க, சொல்லுங்க" என்று கேட்பேன். பாதிப் பேர் தவறாகத்தான் சொல்வார்கள். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வேன்.